காக்க வந்தவரிடம் கணக்கு



1987 ஜூலை 30ஆம் திகதி இந்தியப் படை பலாலியில் வந்திறங்கியபோது இந்த யாழ்ப்பாணக் குடாநாடு அதை மாலை போட்டு வரவேற்றது. இதைச் சொல்ல இப்போது எங்களில் பலர் கூச்சப்படுகிறோம். கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்த வருஷம் மே மாதக் கடைசியில் இலங்கை இராணுவம் வடமராட்சிக்குள் இறங்கியது. 'ஒப்பரேஷன் லிபரேஷன்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஷெல்லடியிலும் குண்டுவீச்சிலும் ஊர்கள் சிதைந்தன. அடுத்தது யாழ்ப்பாண நகரம்தான் என்று எல்லோரும் மூட்டை கட்டி வைத்திருந்த நேரம் அது. ஜூன் 3ஆம் திகதி உணவோடு வந்த இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் பின்னேரம் ஐந்து இந்திய விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் காவலுக்கு வர, எங்கள் வானத்துக்குள் நுழைந்து உணவுப் பொதிகளைப் போட்டன. சுமார் 25 தொன். இத்தனை லட்சம் சனத்துக்கு அது ஒரு நேரச் சோற்றுக்கும் காணாது. ஆனாலும் சனம் முற்றத்தில் நின்று கை காட்டியது. கேட்க நாதியில்லாத சனம் என்ற எண்ணம் அன்றைக்குக் கொஞ்சம் விலகியது. அந்த ஆறுதலை யாரும் கொச்சைப்படுத்த வேண்டாம்.

அதே படை பத்துக் கிழமை கழித்து டாங்கியோடு கோண்டாவிலுக்கும் கொக்குவிலுக்கும் வந்தது. ஏன் அப்படியானது என்று எங்கள் திண்ணைகளில் கதை எழுந்தால் இரண்டு கட்சிதான். ஒரு கட்சி எல்லாவற்றையும் டில்லியின் தலையில் போடும். மற்றக் கட்சி எல்லாவற்றையும் விடுதலைப் புலிகளின் தலையில் போடும். இரண்டு பக்கமும் சொல்லுகிறதில் உண்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. நான் இன்றைக்குக் கேட்க வந்த கேள்வி வேறு. எங்களைக் காக்க வந்த படை எங்களுக்கு ஒரு தீங்கு செய்தால், அதை நாங்கள் எங்கே போய்ச் சொல்லியிருக்கலாம்? யார் அந்தப் படையிடம் கணக்குக் கேட்டிருக்கலாம்?

இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் இந்தியப் பிரதமர் ரஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்டார்கள். 48 மணித்தியாலத்துக்குள் சண்டை நிற்க வேண்டும், 72 மணித்தியாலத்துக்குள் போராளிகள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. சண்டை நிறுத்தத்துக்கு உத்தரவாதம் கொடுக்கவும் அதை நடைமுறைப்படுத்தவும் ஜனாதிபதி அழைத்தால் இந்திய அமைதி காக்கும் படை வரலாம் என்று இணைப்பில் ஒரு வரி. அவ்வளவுதான். அழைக்கிறவர் ஜனாதிபதி, அனுப்புகிறவர் பிரதமர். யாருடைய ஊரில் படை நிற்கப் போகிறதோ அந்தச் சனத்தின் கையெழுத்து எந்தப் பக்கத்திலும் இல்லை. புலிகளின் தலைவர் பிரபாகரனை டில்லிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஹோட்டலில் வைத்து, செய்தி சொன்னார்கள். சம்மதம் கேட்டார்கள் என்று அதைச் சொல்ல ஏலாது. அதே நாளில் இரு தலைவர்களும் கடிதங்களும் பரிமாறிக்கொண்டார்கள். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்கு எதிராக வேறு நாட்டுப் படைகளுக்குக் கொடுக்கக் கூடாது, வெளிநாட்டு வானொலி நிலையங்கள் இராணுவ வேலைக்குப் பயன்படக் கூடாது என்பவை அந்தக் கடிதங்களில் வந்தவை. ஒரு பெரிய நாடு தன் நலனைப் பார்ப்பதில் எனக்கு முறைப்பாடு இல்லை. அந்த நலனும் எங்கள் உயிரும் எதிரெதிரே நின்றால் எது முன்னுக்கு வரும் என்பது முதல் நாளே எழுதப்பட்டுவிட்டது, அதைத்தான் சொல்லுகிறேன். ஜெயவர்த்தனாவுக்கும் ஆதாயம் இருந்தது. தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி எழுந்துகொண்டிருந்தது. வடக்கில் கட்டுண்டு கிடந்த இராணுவம் அவருக்குத் தெற்கில் தேவைப்பட்டது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்தது. ஓகஸ்ட் 4ஆம் திகதி சுதுமலையில் பிரபாகரன் பேசினார். அடுத்த நாள் பலாலியில் ஆயுதக் கையளிப்பு தொடங்கியது. செப்டெம்பர் 15ஆம் திகதி புலிகளின் அரசியல் பிரிவைச் சேர்ந்த திலீபன் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் வீதியில், தண்ணீரும் குடிக்காமல், ஐந்து கோரிக்கைகளை வைத்து உண்ணாவிரதம் இருந்தார். 26ஆம் திகதி உயிர் பிரிந்தது. ஒக்டோபர் 3ஆம் திகதி குமரப்பா, புலேந்திரன் உட்படப் புலிகள் 17 பேரை இலங்கைக் கடற்படை பருத்தித்துறைக் கடலில் பிடித்துப் பலாலியில் வைத்தது. கொழும்புக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று தெரிந்ததும் 5ஆம் திகதி அவர்கள் சயனைட் அருந்தினார்கள். 12 பேர் இறந்தார்கள். அதற்குப் பழியாகப் புலிகள் கிழக்கில் அப்பாவிச் சிங்களச் சனத்தைக் கொன்றார்கள். அதையும் இந்த மேடையில் சொல்லத்தான் வேண்டும். கொலையைக் கொலை என்று எங்கள் பக்கத்திலும் சொல்லப் பழகாதவரைக்கும் மற்றவரிடம் கணக்குக் கேட்க எங்களுக்கு வாயில்லை.

இந்தியப் படையின் முதல் தளபதி மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங் பின்னாளில் ஒரு நூல் எழுதினார். பேச்சுக்கு வரும் பிரபாகரனைப் பிடிக்க அல்லது சுட வேண்டும் என்று இந்தியத் தூதர் டிக்சிற் தன்னிடம் சொன்னதாகவும், வெள்ளைக் கொடியின் கீழ் வருகிறவரை ஒரு சிப்பாய் சுடமாட்டான் என்று தான் மறுத்ததாகவும் அதில் எழுதியிருக்கிறார். தூதரகம் ஒன்று சொல்ல, படைத் தலைமை இன்னொன்று சொல்ல, உளவுத்துறை மூன்றாவது வழியில் போக, இவர்களுக்கு நடுவில் நின்றது இந்த ஊர்ச் சனம்.

ஒக்டோபர் 10ஆம் திகதி புலிகளுக்கு எதிரான இந்தியப் படையின் 'ஒப்பரேஷன் பவான்' தொடங்கியது. முதலில் ஈழமுரசு, முரசொலி பத்திரிகைகளின் அச்சகங்கள் தகர்க்கப்பட்டன. 11ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலியால் இறக்கிய சீக்கியச் சிப்பாய்கள் 30 பேரில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் செத்தார்கள். அந்தப் படையினரை மீட்க வந்த டாங்கிகளின் வழியில் பிரம்படி ஒழுங்கை இருந்தது. அங்கே பொதுமக்கள் கொல்லப்பட்டதை அந்த ஒழுங்கைச் சனம் இன்றைக்கும் சொல்லும்.

யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள். ஒக்டோபர் 21, தீபாவளி நாள். காயப்பட்டவர்களும் அடைக்கலம் தேடி வந்தவர்களுமாக ஆஸ்பத்திரி நிரம்பிக் கிடந்தது. காலையில் இருந்து ஷெல்லடி. புலிகளின் ஆட்கள் சிலர் ஆயுதங்களோடு ஆஸ்பத்திரி வளவுக்குள் நின்றதாகவும், வைத்தியர்கள் அவர்களை வெளியேறச் சொன்னதாகவும் உயிர் தப்பியவர்கள் பதிந்திருக்கிறார்கள். பின்னேரம் இந்தியச் சிப்பாய்கள் உள்ளே வந்தார்கள். எக்ஸ்றே பகுதியில் தரையோடு தரையாகப் படுத்திருந்த ஊழியர்கள்மேலும் நோயாளர்மேலும் சுட்டார்கள். மிஞ்சியவர்கள் இரவு முழுக்கப் பிணங்களுக்கு நடுவே பிணம்போலக் கிடந்தார்கள். இருமல் சத்தம் கேட்ட பக்கம் கிரனேட் விழுந்தது என்று சாட்சியம் இருக்கிறது. விடிந்தபிறகு குழந்தை வைத்திய நிபுணர் ஏ. சிவபாதசுந்தரம் தாதியர் சிலரைக் கூட்டிக்கொண்டு, கைகளை உயர்த்தியபடி வெளியே வந்தார். தாங்கள் வைத்தியரும் தாதியரும் என்றும், சரணடைகிறோம் என்றும் உரக்கச் சொல்லிக்கொண்டே நடந்து வந்தார். அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வைத்தியர்கள் கணேசரத்தினமும் பரிமேலழகரும் அந்த இரண்டு நாளில் போனவர்கள். 21 ஊழியர்கள் உட்பட 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். உள்ளிருந்து தங்கள்மேல் சுட்டார்கள், இரு பக்கச் சூட்டில் அகப்பட்டு இறந்தார்கள் என்பது இந்தியப் படையின் விளக்கம். கைகளை உயர்த்தி நடந்து வந்த மனிதனுக்கு அந்த விளக்கம் எப்படிப் பொருந்தும்?

இதற்கு ஒரு விசாரணை நடந்திருந்தால், சுடச் சொன்னவர் யார், வைத்தியசாலைக்குள் படையை அனுப்பியவர் யார், புலிகள் அங்கே நின்றது எவ்வளவு நேரம், எல்லாம் பகிரங்கமாகப் பதிவாகியிருக்கும். அப்படியொரு பகிரங்க விசாரணையை இந்தியா இன்றுவரை நடத்தவில்லை. ஆஸ்பத்திரியில் வருஷா வருஷம் ஒக்டோபர் 21இல் இறந்த ஊழியர்களின் படங்களுக்கு முன் விளக்கேற்றுகிறார்கள். பதில் சொல்ல ஒருவரும் வருவதில்லை.

ஐக்கிய நாடுகள் சபையின் படை ஒன்று சைப்பிரஸில் 1964இல் இருந்து நிற்கிறது. அதிலும் ஆயிரம் குறை உண்டு. ஆனால் அதன் ஆணை குறித்த காலத்துக்கு ஒருமுறை பாதுகாப்புச் சபைக்கு வருகிறது, அறிக்கை வைக்கப்படுகிறது, பல நாடுகளின் முன்னால் வாக்கெடுத்து நீடிக்கிறார்கள். எங்களிடம் வந்த படைக்கு அப்படி ஒரு மேலிடம் இல்லை. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனால் தாய் போய் நின்றது அதே முகாமின் வாசலில். மனுவை வாங்கியவர் அதே படையின் அதிகாரி. சில அதிகாரிகள் நல்ல மனிதர்கள், பிள்ளைகளை விட்டும் இருக்கிறார்கள். அதிகாரியின் நல்ல மனசை நம்பி ஒரு சமூகம் உயிர்வாழ முடியுமா? ரவுண்டப் பண்ணி, கோயில் வீதியில் இருத்தி, முகத்தை மூடிய ஆள்காட்டியான தலையாட்டிக்கு முன்னால் ஊரையே வரிசையில் நடக்கவிட்ட காலம் அது. அந்தத் தலை ஆடினால் பிறகு யாரிடம் வழக்குப் பேசுவது?

வல்வெட்டித்துறைக்காரர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1989 ஓகஸ்ட் 2ஆம் திகதி புலிகள் அங்கே இந்திய ரோந்து அணியைத் தாக்கிச் சிப்பாய்களைக் கொன்றார்கள். அதற்குப் பிறகு படையினர் ஊருக்குள் புகுந்து 50க்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றார்கள், வீடுகளையும் கடைகளையும் எரித்தார்கள். ஊரடங்கு எடுத்த கையோடு அந்த ஊரின் பிரசைகள் குழு வீடு வீடாகப் போய்ச் சத்தியக் கடதாசிகளைத் திரட்டியது. யார், எந்த வீட்டில், எத்தனை மணிக்கு, யாருக்கு முன்னால் என்று ஒவ்வொன்றாக எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். செய்தியாளர்கள் வந்தபோது கையில் காகிதம் இருந்தது. லண்டன் பத்திரிகையிலும் இந்தியப் பத்திரிகையிலும் செய்தி வந்தது. இந்தியாவிலேயே ஜோர்ஜ் பெர்னாண்டஸ் போன்ற அரசியல்வாதிகள் அதை எடுத்துப் பேசினார்கள். படை இன்னும் ஊருக்குள் நிற்கும்போதே, துப்பாக்கிக்குக் கீழே இருந்துகொண்டு செய்த வேலை அது. எங்கள் நாட்டின் போர்க்கால வரலாற்றில் இதற்கு நிகரான குடிமைத் துணிவு அரிது என்பது என் எண்ணம். பள்ளிப் புத்தகத்தில் ஏற வேண்டிய செயல்.

அதே காலத்தில் பல்கலைக்கழகத்தில் நாலு பேர் 'முறிந்த பனை' என்ற நூலை எழுதினார்கள். இந்தியப் படையின் குற்றங்களையும் எங்கள் இயக்கங்களின் குற்றங்களையும் ஒரே அட்டைக்குள் வைத்தார்கள். அவர்களில் ஒருவர், உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம, 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி பல்கலைக்கழகத்தில் இருந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகிற வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கணக்குக் கேட்டவரை வாழவிடாத ஊராக நாங்களும் இருந்தோம்.

இன்னொரு விஷயமும் மறக்கக் கூடாது. போகிற கடைசி மாதங்களில் இந்தியா வடக்குக் கிழக்கு மாகாண அரசுக்காகத் 'தமிழ்த் தேசிய இராணுவம்' என்ற ஒன்றைக் கட்ட உதவியது. அதற்கு ஆள் சேர்க்க ரியூஷனுக்குப் போன பெடியளையும் பஸ்ஸுக்கு நின்ற பெடியளையும் பிடித்து ஏற்றினார்கள். ஜனாதிபதி பிரேமதாசா 1989 ஜூனில் படையை வெளியேறச் சொன்னார், டிசம்பரில் டில்லியில் வி.பி. சிங் பிரதமராக வந்தார், 1990 மார்ச் 24ஆம் திகதி கடைசிச் சிப்பாய் திருகோணமலையில் கப்பலேறினார். பிடித்து ஏற்றிய பெடியள் புலிகளின் துப்பாக்கிக்கு முன்னால் விடப்பட்டார்கள். தொடங்கும்போது எங்களிடம் கேட்காதவர்கள் முடிக்கும்போதும் எங்களிடம் கேட்கவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த விதி என்று நினைக்க வேண்டாம். வட அயர்லாந்தில் 1969 ஓகஸ்டில் பிரித்தானியப் படை இறங்கியபோது கத்தோலிக்கப் பெண்கள் சிப்பாய்களுக்குத் தேநீர் கொடுத்தார்கள். தங்களைத் தாக்கியவர்களிடம் இருந்து காக்க வந்த படை என்று நம்பினார்கள். 1972 ஜனவரி 30ஆம் திகதி டெரி நகரில் அந்தப் படையே ஊர்வலம் போனவர்களைச் சுட்டது. 13 பேர் அன்றே இறந்தார்கள், ஒருவர் பிறகு. உடனே நடந்த விசாரணை சிப்பாய்களைக் காப்பாற்றிவிட்டது. குடும்பங்கள் விடவில்லை. 26 வருஷம் கழித்து, 1998இல், இரண்டாவது விசாரணையை வாங்கினார்கள். 2010 ஜூன் 15ஆம் திகதி அறிக்கை வெளிவந்தது. பிரதமர் கமரோன் பாராளுமன்றத்தில் எழுந்து அந்தச் சூடு எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாதது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். 38 வருஷம் எடுத்தது. ஆனால் கேட்டார்.

பொஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிச்சாவைப் பாதுகாப்பு வலயம் என்று ஐ.நா. அறிவித்திருந்தது. காவலுக்கு நின்றவர்கள் நெதர்லாந்துச் சிப்பாய்கள். 1995 ஜூலையில் அவர்கள் கண் முன்னால் நகரம் விழுந்தது, சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். அங்கே படை சுடவில்லை, காக்கத் தவறியது. அதற்கே 2002இல் நெதர்லாந்து அமைச்சரவை பதவி விலகியது. தாய்மார் வழக்குப் போட்டு, 2019இல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் அரசுக்கு ஒரு பங்கு பொறுப்பு உண்டு என்று தீர்த்தது. அந்தத் தாய்மாருக்கும் பெரிய நாடு எதுவும் துணை நிற்கவில்லை. அவர்களிடம் இருந்தது ஆவணமும் பிடிவாதமும்.

"அப்படியென்றால் வெளியார் வரவே கூடாது என்கிறீர்களா" என்று இளையவர்கள் கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ருவாண்டாவில் 1994இல் சுமார் 2,500 ஐ.நா. படையினர் நின்றார்கள். பெல்ஜியச் சிப்பாய்கள் பத்துப் பேர் கொல்லப்பட்டதும் பாதுகாப்புச் சபை படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. நூறு நாளில் சுமார் எட்டு லட்சம் பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். எங்கள் வன்னியில் 2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது வாசலை மறித்துப் போகவேண்டாம் என்று சனம் அழுதது. போர் முடிந்த 2009 மே வரைக்கும் அந்தச் சனம் உதவி வருமென்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐ.நா. தன் கடமையில் தவறிவிட்டது என்று அதன் சொந்த உள்ளக ஆய்வே 2012இல் ஒப்புக்கொண்டது. வந்ததாலும் செத்தோம், வராததாலும் செத்தோம். ஆகவே வருவதா விடுவதா என்ற வாதத்தில் எனக்கு அக்கறை குறைவு. வருகிறவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார் என்பதை முதலில் கேளுங்கள். அங்குள்ள சனம் ஒப்புக்கொண்டதா? படையில் சேராத ஒருவர், சனத்தின் முறைப்பாட்டை வாங்கி விசாரிக்கிற அதிகாரத்தோடு, ஊருக்குள் இருக்கிறாரா? எப்போது, எப்படிப் போவார்கள் என்று எழுதியிருக்கிறதா? இந்த மூன்றும் இல்லாத எந்தப் படையையும், அது எந்தக் கொடியோடு வந்தாலும், எந்த மொழி பேசினாலும், நான் வரவேற்கப் போகமாட்டேன்.

இந்தியாவுக்கும் ஒரு சொல். இங்கே 1,100க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் மடிந்தார்கள். பஞ்சாப்பிலும் தமிழ்நாட்டிலும் கூர்க்கா மலைகளிலும் பிறந்த பெடியள். எதற்காக அனுப்பப்பட்டோம் என்று தெரியாமலே செத்தவர்கள் அவர்களில் பலர். அவர்களுக்குப் பலாலியில் நினைவுச்சின்னம் இருக்கிறது, இலங்கைப் பாராளுமன்றத்துக்குக் கிட்டவும் ஒன்று இருக்கிறது. 2015 மார்ச்சில் பிரதமர் மோடி அங்கே மலர்வளையம் வைத்தார், மறுநாள் யாழ்ப்பாணமும் வந்தார், இங்கே வந்த முதல் இந்தியப் பிரதமர் அவர். நினைவுச்சின்னம் வேண்டியதுதான். அந்தப் பெடியளின் தாய்மாருக்கும் உண்மை சொல்லப்படவில்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். 1987 ஒக்டோபர் 21, 22 ஆகிய இரண்டு நாள்களுக்கான படைப் பதிவேடுகளையும், வல்வெட்டித்துறைக்கான பதிவேடுகளையும் இந்தியா திறக்க வேண்டும். எங்களுக்கு வீடு கட்டித் தந்த, ரயில் பாதை போட்டுத் தந்த நாடு இந்தியா. அந்த உதவிக்கு நன்றி சொல்லிக்கொண்டே இதையும் கேட்கலாம். நன்றி சொல்லுகிறவன் வாய் மூடியிருக்க வேண்டும் என்று எந்த நீதியும் சொல்லவில்லை.

கடைசியாக, இந்த மண்டபத்தில் இருக்கும் மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த ஒக்டோபரில் இருபது வயதாக இருந்தவர்கள் எல்லாம் இன்றைக்கு மூப்பை எட்டிவிட்டோம். வல்வெட்டித்துறைப் பிரசைகள் குழு செய்ததுபோல நாள், இடம், நேரம், கண்டது, கேட்டது என்று பிரித்து எழுதுங்கள். எழுத ஏலாதவர்கள் பேரப்பிள்ளையின் கைபேசியில் சொல்லிப் பதியுங்கள். இந்தியன் ஆமி செய்ததை எழுதும்போது எங்கள் பெடியள் செய்ததையும் விடாமல் எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒரு நீதிமன்றமும் நம்பாது. எழுதியதன் ஒரு பிரதியைப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுங்கள், ஒன்றை வீட்டில் வையுங்கள். மாணவர்களே, உங்கள் ஊரில் இப்படி எழுதத் துணை தேவைப்படுகிற வயோதிபர் யார் என்று நாளைக்கே விசாரியுங்கள்.